ஆஸ்தியும் பதியும்

எனக்கு முதுகெலும்பு இருக்கிறது.

எங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாத செய்தி என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன். முறையாகப் படித்த ஒரு வைத்தியர் கழுத்தில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு" என்று வாயாரச் சொல்லியிருக்கிறார். சாட்சிக்கு என் மனைவி பக்கத்திலேயே இருந்தாள். அதைக் கேட்டு அவள் அதிர்ந்து போனாள். ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைத்த அதிர்ச்சிகளோடு ஒப்பிட்டால் அவளுடையது வெறும் தும்மல்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பல் கட்டுகிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார். நான் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வார்த்து, ராவி, மெருகேற்றி ஒரு முழுச் சிரிப்பாகத் திருப்பி அனுப்புவேன். "பல்லைக் காட்டிப் பிழைக்கிறான்" என்று யாராவது திட்டினால் எனக்குக் கோபமே வராது. உண்மைதானே? குடியிருப்பில் என் பெயரே பல்லு சார்தான்.

ஊருக்கெல்லாம் பல் கொடுக்கிற எனக்கு வீட்டில் மட்டும் வாய் கிடையாது. அங்கே எல்லாமே என் மனைவியின் தேர்வு. சுவரின் நிறம், மிதியடி, கடிகாரம், நான் போடுகிற சட்டை, அந்தச் சட்டையில் போட வேண்டிய பொத்தான்களின் எண்ணிக்கை. கல்யாணத்துக்கு முன்பே எனக்கென்று இருந்து, கல்யாணத்தையும் தாங்கி நின்ற பொருள் ஒன்றே ஒன்றுதான். என் சோபா. ஒருவர் மட்டும் உட்காருகிற சோபா. அதன் நடுவில் ஒரு குழி. அந்தக் குழி என்னுடைய அச்சு. அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவு துல்லியமாக என்னை யாராலும் அளவெடுக்க முடியாது. பட்டறையிலிருந்து வந்து அதில் விழுந்தால் நான் ராஜா. என் பெயருக்கு இந்த உலகத்தில் இருந்த ஆஸ்தி அவ்வளவுதான்.

அந்த ஆஸ்திக்குத்தான் ஆபத்து வந்தது.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமை அந்த சோபா போகுது."

"எங்க போகுது?"

"வெளிய."

"எப்ப திரும்பி வரும்?"

"வராது."

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. என் மனைவி ஜன்னல் திரைகள் தைக்கிறவள். இந்தத் தெருவில் பாதி ஜன்னல்களுக்கு அவள்தான் சேலை கட்டி விட்டிருக்கிறாள். துணியைத் தரையில் விரித்து, மண்டியிட்டு வெட்டுவாள். இப்போது உயரமான வெட்டு மேஜை ஒன்று வேண்டுமாம். அதை ஜன்னலோரம் போட வேண்டுமாம். ஜன்னலோரம் என் சோபா இருக்கிறதாம்.

"மேஜையை வேற இடத்துல போட்டுக்கயேன்."

"எனக்கு வெளிச்சம் வேணும்."

"சோபாவுக்கும் வெளிச்சம் வேணும்."

"ஏன், அது என்ன செடியா?"

"அதுல ஒரு சரித்திரம் இருக்கு."

"சரித்திரம் இல்ல, மூட்டைப்பூச்சி இருக்கு."

"அதெல்லாம் என்னைத் தவிர யாரையும் கடிக்காது!"

"அதுங்களுக்காவது உங்ககிட்ட ஏதோ பிடிச்சிருக்கேன்னு சந்தோஷப்படுங்க. ஞாயித்துக்கிழமை போகுது."

அவள் துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். என் உடம்பில் உயிர் இருக்கும்வரை இந்த சோபா வாசல்படி தாண்டாது. இதை வீரமாக, உரக்க, மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆலோசனைக்கு எதிர் வீட்டுக்குப் போனேன். எதிர் வீட்டில் இருப்பவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஓய்வு வேலைக்குத்தான், வாய்க்கு இல்லை. கதவைத் திறந்ததுமே, "ஏறுங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஹோல்டான்!" என்றார். "இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க? என் மெத்தையைக்கூடத் தூக்கிப் போடறேன்னு நின்னா என் வீட்டுக்காரி. ஆஸ்டியோபதி பார்க்கற அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. மெத்தை இன்னிக்கும் இருக்கு."

"ஆஸ்தியில பாதியா? யாருக்கு?"

"ஆஸ்தி இல்ல சார், ஆஸ்டியோ. பாதி இல்ல, பதி. ஆஸ்டியோபதி! கையாலயே பார்க்கற வைத்தியம். எலும்பு, தசை, மூட்டு, எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிப்பாங்க. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது."

"பதின்னா புருஷன் இல்லையா?"

"அப்ப புருஷன் பக்கம்தான் பேசுவாங்கன்னு வெச்சுக்குங்களேன். நீங்க இடுப்பு வலின்னு போங்க. அந்த சோபாவுல உக்காந்தாத்தான் சுகமா இருக்குன்னு சொல்லுங்க. அவங்க 'சரி, அதுலயே உக்காருங்க'ன்னுட்டா, உங்க வீட்டம்மா அதுக்கு மேல வாயைத் திறக்க முடியுமா?"

"எனக்கு இடுப்பு வலிக்கலையே சார்."

"அதை யாரு பார்த்தா? வலி என்ன டிக்கெட்டா, கையில காட்டறதுக்கு?"

என்ன ஒரு மூளை! இத்தனை வருஷம் அந்த மூளையைச் சில்லறை கொடுக்க மட்டும் பயன்படுத்தியிருக்கிறாரே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. நான் கிளம்பும்போது, "உங்க சோபா அகலம் எவ்வளவு இருக்கும்? எங்க வீட்டு வாசல் அளவு இருக்குமா?" என்று கேட்டார். அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்துக் கையை விரித்துக் காட்டினேன்.

மறுநாள் காலை. கையில் காபிக் கோப்பையுடன் எழுந்தேன். பாதி எழுந்து, "ஐயோ அம்மா!" என்றேன். குரல் நன்றாக வந்தது.

"என்னங்க ஆச்சு?"

"இடுப்பு!"

"எந்தப் பக்கம்?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. வலது கையில் கோப்பை இருந்ததால் இடது கையால் பிடிக்க வேண்டியதாயிற்று. "இந்தப் பக்கம்" என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "பாவம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை அவள் என்னைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வெந்நீர்ப் பை வந்தது. தலையணை வந்தது. அப்புறம் வரிசையாகக் கட்டளைகள் வந்தன.

"கட்டில் மெத்தை ஆகாது. கொஞ்ச நாளைக்குத் தரையில படுங்க."

"தரையிலயா?"

"வெள்ளிக்கிழமை சீட்டாட்டத்துக்கு வரமாட்டீங்கன்னு உங்க கூட்டாளிகளுக்குச் சொல்லிட்டேன். அவ்வளவு நேரம் உக்காரக் கூடாது."

"அதுக்குள்ளயா?"

"அந்த சோபா பக்கமே போகாதீங்க. குழியில விழுந்தா எழுப்ப ஆள் தேடணும்."

பார்த்தீர்களா அநியாயத்தை! சோபாவுக்காக வலியை வரவழைத்தேன். வலி வந்ததும் முதலில் பறிபோனது சோபா. தரையில் படுத்து எழுந்த மறுநாள் உண்மையாகவே எங்கெங்கோ வலித்தது. ஆனால் இடுப்பு மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. துரோகி.

"இதோ பாரு," என்றேன். "அந்த சோபாவுல உக்காந்தாத்தான் எனக்கு வலி குறையுது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன டாக்டரா?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அப்ப தெரிஞ்சவங்களையே கேப்போம். ஆஸ்டியோபதின்னு ஒண்ணு இருக்கு."

"அப்படின்னா?"

அவள் முகம் பச்சைக் குழந்தை முகம் மாதிரி இருந்தது. நான் கண்டக்டரிடம் கேட்டதையெல்லாம் என் சொந்த அறிவு போல எடுத்து விட்டேன். எலும்பு என்றேன், தசை என்றேன், மூட்டு என்றேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். அந்தப் போதையில் நான் இன்னும் ஒரு படி மேலே போனேன்.

"அந்த அம்மா என்ன சொல்றாங்களோ அதுதான் கடைசி. சோபா இருக்கட்டும்னா இருக்கும். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"போகட்டும்னா?"

"நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"கையடிச்சுச் சொல்லுங்க."

அவள் கையை நீட்டினாள். நான் ஓங்கி அடித்தேன். "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். எங்கள் வீட்டில் இந்த வாக்கியம் ஒலித்த முதல் நாள் அதுதான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமையில் வயிறு நிறைந்திருந்தது.

சனிக்கிழமை இருவரும் போனோம். வைத்தியரின் அறை சின்னது, சுத்தமானது. நடுவில் உயரமான ஒரு கட்டில். கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஓட்டை. குப்புறப் படுக்கும்போது முகத்தை அதில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். மூலையில் ஒரு கொக்கியில் முழு முதுகெலும்பு ஒன்று தொங்கியது. பிளாஸ்டிக்தான். ஆனாலும் யாரோ ஒரு புருஷன் எதிர்த்துப் பேசிவிட்டான் போலிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

கையால் எலும்பைச் சரிசெய்கிறவர் என்றதும் பயில்வான் மாதிரி ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் என் தோளுயரம்கூட இல்லாத ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடி, குட்டையான நகங்கள், மெதுவான குரல். இவருக்கா பயப்படுவது என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"சொல்லுங்க. எங்க வலி?"

"இடுப்புல மேடம். வலது பக்கம்."

"அன்னிக்கு இடதுன்னீங்களே?" என்றாள் மனைவி.

"நீ எதிர்ல நின்னு பார்த்தே. உனக்கு இடதாத்தான் தெரியும்."

வைத்தியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எங்கேயாவது விழுந்தீர்களா, கால் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, உடம்பு இளைக்கிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா. நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எதுக்கு மேடம் இவ்வளவும்?"

"இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா நான் கையே வைக்க மாட்டேன், நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். எல்லா வலியும் கைக்குக் கட்டுப்படாது. சரி, வலி எப்ப ஜாஸ்தியா இருக்கு?"

"சோபாவைத் தூக்கிப் போடணும்னு பேச்சு வரும்போது."

வாய் நழுவிவிட்டது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அங்கே தொங்கிய திரையின் தையலை ஆராய்ந்தாள்.

"எழுந்து நில்லுங்க. அப்படியே முன்னால குனிங்க பார்ப்போம்."

கொஞ்சம் குனிந்தேன். "ஆ! அம்மா! இதுக்கு மேல முடியலை மேடம்."

"பரவாயில்லை. ஷூவைக் கழட்டிட்டுக் கட்டில்ல உக்காருங்க."

நான் சட்டென்று குனிந்து, இரண்டு ஷூவின் கயிற்றையும் அவிழ்த்து, கழற்றி, காலுறைகளை உருட்டி உள்ளே செருகி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் நான் செய்தது எனக்கே உறைத்தது. மெதுவாக, "அம்மா" என்றேன். ரொம்பத் தாமதம்.

வைத்தியர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். ஓட்டையில் முகத்தை வைத்தேன். தரையும் என் மனைவியின் செருப்பும் மட்டும் தெரிந்தன. வைத்தியரின் விரல்கள் கழுத்திலிருந்து இறங்கின. அப்போதுதான் அந்தச் சரித்திரப் புகழ்பெற்ற வாக்கியத்தைச் சொன்னார். "முதுகெலும்பு எல்லாம் சரியா இருக்கு."

"இருக்கா?" என்றாள் மனைவி.

"இங்க வலிக்குதா?" இடுப்பின் வலது பக்கம் அழுத்தினார்.

"ஆமாம் மேடம். பயங்கரம்."

"இடது பக்கம்?"

எதற்கும் இருக்கட்டும் என்று, "அங்கயும்தான்" என்றேன்.

"நான் இன்னும் கையை வைக்கவே இல்லையே," என்றார் அந்த அம்மா.

செருப்பு குலுங்கியது. சிரித்தால் காலெல்லாம் குலுங்கும் அவளுக்கு. நான் ஓட்டைக்குள்ளேயே வாழ்ந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வைத்தியரின் கட்டைவிரல் என் கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவே ஓர் இடத்தில் போய் நின்றது. மெதுவாகத்தான் அழுத்தினார்.

"ஐயோஓஓ!"

இது நடிப்பு இல்லை. சத்தியமாக இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அதிர்ச்சியில் ஓட்டையிலிருந்து தலையைத் தூக்கினேன். வலிக்கிறது! எனக்கு வலிக்கிறது! பொய் வலியோடு வந்தவனுக்குள் ஒரு நிஜ வலி ஒளிந்திருக்கிறது, அது எனக்கே தெரியாது!

"இதுதான்," என்றார் வைத்தியர். "வலின்னு சொன்ன இடத்துல வலி இல்லை. வலி இருக்கற இடத்தை நீங்க சொல்லவே இல்லை. இடது பக்கம் கழுத்து எவ்வளவு திரும்பும்?"

எழுந்து உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. அவ்வளவுதான் கழுத்து என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"பல் கட்டறேன் மேடம். குனிஞ்சே உக்காந்திருப்பேன். இடது கையில செட்டைப் பிடிச்சு, வலது கையால ராவுவேன்."

"அதான் இடது தோள் ஏறியே நிக்குது. தலை பாரமான சாமான். நாள் முழுக்க அதை முன்னால தொங்க விட்டா, பின்னால இருக்கற தசைங்கதான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். கொஞ்ச நாள்ல அதுங்க அப்படியே இறுகிப் போயிடும். உங்களுக்கு வலி பழகிப் போச்சு. வீட்டுக்குப் போய் எப்படி உக்காருவீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் என் மனைவி கைப்பையைத் திறந்தாள். கைப்பேசியை எடுத்து நீட்டினாள். அதில் ஒரு படம். பக்கவாட்டில் எடுத்தது. என் சோபா. அதன் குழியில் யாரோ ஒரு கிழவர், கேள்விக்குறி மாதிரி வளைந்து, தாடை நெஞ்சில் முட்ட, வாயைத் திறந்துகொண்டு.

"யாரு இது?" என்றேன்.

"நீங்கதான்," என்றாள்.

அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுதாக மீளவில்லை. ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! ராஜாவைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படியா இருக்கும்?

வைத்தியர் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். கழுத்தின் இரண்டு பக்கமும் இதமாகப் பிசைந்தார். தோளை இறக்கினார். மூச்சை மெதுவாக விடச் சொன்னார். தலையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, "இப்ப ஒரு சின்னச் சத்தம் கேக்கும், பயப்படாதீங்க" என்றார். அதைச் சொன்னதிலேயே நான் பாதி செத்துவிட்டேன். மீதிப் பாதிக்கு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"போச்சு! உடைஞ்சிடுச்சு!"

"ஒண்ணும் உடையலை. மூட்டுக்குள்ள இருக்கற காத்தோட சத்தம். இப்பத் திரும்பிப் பாருங்க."

திரும்பினேன். கழுத்து போனது. பழைய எல்லையைத் தாண்டியும் போனது. சுவர் தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி தெரிந்தாள். எங்கள் வீட்டில் நான் சோபாவில் இருக்கும்போது அவள் துணி வெட்டுகிற இடம் என் இடது பக்கம்தான். அந்தப் பக்கம் நான் கழுத்தைத் திருப்பி எத்தனை காலம் ஆயிற்றோ. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழகாக இருந்தாள். அவள் வலது கை மட்டும், தானாகவே, தன் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது.

அழகில் மயங்க இது நேரமில்லை என்று என்னை நானே உலுக்கிக்கொண்டேன். கையில் இருந்தது கடைசிச் சீட்டு. அதை இறக்கினேன்.

"மேடம், கழுத்து சரியாப் போச்சு. நீங்கதான் தெய்வம். இனிமே நான் அந்த சோபாவுல நிமிர்ந்து உக்காந்துக்கறேன். சோபா இருக்கலாம் இல்லையா?"

"அந்தக் குழியில யாராலயும் நிமிர்ந்து உக்கார முடியாது. ஒரு தடவை கை வெச்சுட்டா ஆச்சுன்னு நினைக்காதீங்க. பழையபடி உக்காந்தா பழையபடி இறுகும். நேரா முதுகு வெச்ச நாற்காலி போதும். நடுநடுவுல எழுந்து நடங்க. நாலு பயிற்சி சொல்லித் தர்றேன். அந்த சோபா வேண்டாம்."

"கொஞ்ச நேரம் மட்டும் மேடம்..."

"கையடிச்சீங்க," என்றாள் மனைவி.

நான் வாயை மூடிக்கொண்டேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வைத்தியர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி, ரொம்ப சகஜமாக, என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க தோள் இப்ப எப்படி இருக்கு?"

கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவாயில்லை மேடம். போன தடவை நீங்க பார்த்ததுல இருந்து கையைத் தூக்க முடியுது."

போன தடவையா?

"தரையில குனிஞ்சு வெட்டறதை நிறுத்துங்கன்னு அன்னிக்கே சொன்னேனே. இல்லைன்னா திரும்பத் திரும்ப வரும். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை, ஜன்னல் வெளிச்சத்துல. இடம் கிடைச்சுதா?"

"இன்னிக்குத்தான் மேடம் கிடைச்சுது," என்றாள் என் மனைவி. குரலில் ஒரு துளி கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உனக்குத் தோள் வலின்னு ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. நாலஞ்சு தடவை சொன்னேன். நீங்க இந்தப் பக்கம் திரும்பவே இல்லை."

கழுத்துதான் காரணம் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அதையும் சற்று முன்புதான் வைத்தியர் சரிசெய்து தொலைத்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இனிமேல் எதற்கும் சாக்குச் சொல்ல முடியாது போலிருக்கிறதே! உள்ளதையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று அவசர அவசரமாகக் கேட்டேன்.

"மேடம், எனக்குக் கழுத்து இப்படி இருக்கறதால, நான் கனமான சாமான் எதுவும் தூக்கக் கூடாதுதானே? மேஜை மாதிரி?"

"தாராளமாத் தூக்கலாம். எப்படித் தூக்கணும்னு தெரிஞ்சா போதும். இப்படி வாங்க."

மூலையில் புத்தகம் நிரப்பிய ஒரு பெட்டி இருந்தது. வைத்தியர் அதைக் காட்டினார். சாமானுக்குக் கிட்டத்தில் நில்லுங்கள். காலை அகட்டிக்கொள்ளுங்கள். இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்குங்கள். வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். திரும்பும்போது உடம்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். நான் செய்தேன். பெட்டி பூப்போல எழுந்தது. எனக்கே ஆச்சரியம். என் மனைவி கைதட்டினாள்.

"மேடம், இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க. நல்லாப் பழகிக்கட்டும்."

வீட்டுக்கு வந்தோம். நான் மாடிப்படி ஏறும்போதே எதிர் வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே, கூடத்தின் நடுவில், எனக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருள் இருந்தது. அதில், எனக்கு மிகவும் பழக்கமான ஒரு மனிதர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்டக்டர் சார்!"

"வாங்க பல்லு சார். இடம் இல்லை, நின்னுக்கிட்டே வாங்க."

"அது என் சோபா!"

"உங்க வீட்டம்மா சாவியைக் குடுத்துட்டுப் போனாங்க. வாசல்ல கொஞ்சம் இடிச்சுது. அகலம் சரியாச் சொன்னீங்க, ஆனா சோபாவோட கையை மறந்துட்டீங்க."

"நீங்களுமா? உங்களுக்கு முதுகு வலிக்காதா?"

"வாழ்க்கை முழுக்க நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன் சார். எப்பவாவது உக்காரணும்ல? ரொம்ப நேரம் வேண்டாம்னு அந்த அம்மா எங்கிட்டயும் சொல்லியிருக்காங்க. சீரியல் முடிஞ்சதும் எழுந்துடுவேன்."

"அப்ப அந்த மெத்தைக் கதை?"

"எந்த மெத்தை?"

எனக்குத் தலை கிறுகிறுத்தது. யோசனை கண்டக்டருடையது என்று நினைத்தேன். கண்டக்டருக்குக் கொடுத்தது யார் என்று நான் யோசிக்கவே இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சாவியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணே" என்றாள். "ரைட், ரைட்!" என்றார் அவர்.

எங்கள் வீட்டுக்குள் போனேன். ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது. சோபாவின் நான்கு கால்களும் அழுந்திய தடம் தரையில் இருந்தது. வெளிச்சம் அந்த இடத்தில் சதுரமாக விழுந்திருந்தது. சுவரோரம் புது மேஜை நின்றது. அது எப்போது வந்தது என்று கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

"ஆஸ்தியே போச்சே!" என்று வாய்விட்டே புலம்பிவிட்டேன்.

"போனாப் போகுது," என்றாள் அவள், மேஜையின் ஒரு முனையில் நின்றுகொண்டு. "அதான் பதி இருக்கீங்களே. முட்டியை மடக்கி, அந்தப் பக்கம் பிடிங்க."

மடக்கினேன், பிடித்தேன், தூக்கினேன். பாழாய்ப்போன இடுப்பு, பேருக்குக்கூட வலிக்கவில்லை.